மூடும் பொத்தானும் திறக்கும் பொத்தானும்

கொட்டியாரக் குடாவை ஒட்டியுள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குக்காக, திருகோணமலையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறிய நிரலை எழுதிப் பராமரித்து வருகிறோம். எந்தப் படகு எத்தனை கிலோ சூரை இறக்கியது, ஐஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வாங்கிய முற்பணத்தில் எவ்வளவு கழிந்தது, மிச்சம் எவ்வளவு கைக்குப் போனது என்பவற்றைப் பதிவதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. எவரும் எடுத்துப் பார்க்கவும் மாற்றவும் கூடிய திறமூல நிரல் அது. 2022 மார்ச் மாதக் கடைசியில் அதன் புதிய பதிப்பை வெளியிட வேண்டியிருந்தபோது, அரைகுறையாக நின்ற இரண்டு வசதிகள் எங்கள் முன் இருந்தன. ஒன்று, பற்றுச்சீட்டைப் பிடிஎஃப் கோப்பாக எடுப்பது. நாங்கள் பயன்படுத்திய நிரல் நூலகத்துக்கு எழுத்துகளை வந்த வரிசையில் அடுக்கத்தான் தெரியுமே தவிர, தமிழ் எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கத் தெரியாது. அதனால் ‘பாலா’ என்ற பெயர் ஒழுங்காக விழுந்தது, ‘சேகர்’ என்ற பெயரிலோ சகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய் நின்றது. மற்றது, மாதக் கணக்கை மூடுவது. மூடும் பகுதி முடிந்துவிட்டது. மூடிய மாதத்தைத் திருத்தத்துக்காக மீளத் திறக்கும் பகுதி எழுதப்படவில்லை.

வெளியீட்டுக்கு முந்திய இரண்டு மாலைகளை உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து வாதாடிக் கழித்தோம். வாதம் முழுவதும் பிடிஎஃப் பற்றியதாகவே இருந்தது. கொம்பு இடம் மாறிய பெயரோடு ஒரு சீட்டு வெளியே போனால் எங்களுக்கு வெட்கக்கேடு என்று அதை எடுத்துவிட்டோம். மாத மூடலைப் பற்றிக் கதைத்தது பத்து நிமிடம்கூட இராது. மூடுவது பிழையில்லாமல் வேலை செய்தது, திறப்பதை அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். இரண்டு முடிவுகளுமே பிழை என்பது சில வாரங்களுக்குள் தெரிந்தது. உலகம் முழுவதும் பயன்படும் பெரிய திறமூலத் திட்டங்களும் இதே இடத்தில்தான் இடறியிருக்கின்றன என்பது பின்னர் அவற்றின் வரலாற்றைத் தேடி வாசித்தபோது விளங்கியது.

ஒரு நிறுவனத்தில் பாதி முடிந்த வசதி வெளியே போனால், மீதியை முடிக்கும்படி சம்பளம் வாங்கும் ஒருவரைப் பணிக்கலாம். தன்னார்வத் திட்டத்தில் அப்படிப் பணிக்க ஒருவரும் இல்லை. ‘அடுத்த பதிப்பில் முடிப்போம்’ என்று சொன்னவர் பரீட்சைக்குப் படிக்கப் போகலாம், வெளிநாடு போகலாம், அலுத்துப் போகலாம். அவர் விட்டுச் சென்ற பாதி வேலை மட்டும் நிரலுக்குள் கிடக்கும். அப்படியானால் முழுதாக முடியும் வரை எதையும் வெளியே வைத்திருப்பதுதானே முறை என்று தோன்றும். ஆனால் வெளியே வைத்த நிரலும் கெட்டுப்போகும். மூல நிரல் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருக்க, ‘கிளை’ எனப்படும் தனிப் பிரதியாகப் பல மாதம் கைபடாமல் கிடந்ததை அதனோடு மீண்டும் பொருத்துவது புதிதாக எழுதுவதைவிடக் கடினமாகிவிடும். சோதிப்பதற்கென்று ஆள் வைக்க வசதியில்லாத இடத்தில் பயனரே சோதனையாளர் என்பதால், வெளியே போகாத வசதியின் குறையைச் சொல்லவும் ஒருவரும் வரமாட்டார். போதாக்குறைக்கு, கூலியில்லாமல் எழுதுகிறவருக்குத் தன் வேலையை நாலு பேர் பயன்படுத்துவதைப் பார்ப்பதுதான் கூலி. அதையும் ஆண்டுக்கணக்கில் மறுத்தால் அவர் போய்விடுவார்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருவில் 2008ஆம் ஆண்டு ‘ஸ்டேஜிங்’ என்றொரு தனி அடைவு ஏற்பட்டதன் பின்னணி இதுதான். தரம் போதாத சாதன இயக்கிகளை வாசலிலேயே மறுத்து அனுப்புவதற்குப் பதிலாக, உள்ளே எடுத்துத் திண்ணையில் இருத்திவைப்பது. பலர் கைபட்டுத் திருந்தினால் வீட்டுக்குள் எடுப்பது. கவனிப்பாரற்றுப் போனால் வெளியேற்றுவது. அங்கிருந்து ஓர் இயக்கியை ஏற்றினால், கரு தன் பதிவில் அதை ஒரு கறையாகவே குறித்துக்கொள்ளும். பிறகு ஏதாவது பழுதென்று முறையிட வருகிறவரிடம் அந்தக் கறையைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். முரட்டு ஏற்பாடுதான், ஆனால் நேர்மையானது.

அடுத்தது நாட்காட்டி பற்றிய கேள்வி. லினக்ஸ் கருவைக் கொண்டு தன்னார்வலர்கள் கட்டும் டெபியன் என்ற இயங்குதளம், வேலை முடிந்தபோதுதான் வெளியாகும் என்பது அதன் நெடுங்கால வழக்கம். 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்த பிறகு அடுத்தது 2005 ஜூனில்தான் வந்தது. அதே டெபியனைக் கொண்டு கட்டிய உபுண்டு, 2004 ஒக்டோபர் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முடிந்ததை ஏற்றிக்கொண்டு முடியாததை விட்டுவிட்டுப் புறப்படும் முறையைக் கைக்கொண்டது. ஆனால் 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பை அவர்களே இரண்டு மாதம் தள்ளிப்போட்டார்கள், ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும் 6.06 என்ற அதன் எண்ணிலேயே அந்தத் தாமதம் பதிந்திருக்கிறது. நீண்ட காலப் பராமரிப்பு வாக்களிக்கப்பட்ட முதல் பதிப்பு அது. மக்கள் ஒரு பதிப்பில் எவ்வளவு காலம் தங்கியிருக்கப் போகிறார்களோ, அவ்வளவுக்கு அதை அவசரமாக அனுப்பக்கூடாது என்ற கணக்கு அதில் இருக்கிறது.

கால அட்டவணைப்படி வெளியிடுவதை ரயிலோடு ஒப்பிடுவது இத்துறையில் வழக்கம். லினக்ஸ் கரு ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, ரஸ்ட் என்ற நிரல் மொழி ஆறு வாரத்துக்கு ஒருமுறை, பயர்பாக்ஸ் உலாவி 2020 முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை. அடுத்த ரயில் விரைவில் வரும் என்று தெரிந்தால், முடியாத வசதியை இந்த ரயிலில் திணிக்கும் அவசரம் நிரலாளருக்கு இராது என்பது இம்முறையின் அடிப்படை. நல்ல நியாயம்தான். ஆனால் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு ரயிலைத் தவறவிட்ட எவரும் அதில் உள்ள ஓட்டையைச் சொல்லிவிடுவார். நான் சொன்ன சங்கத்தின் கணினிக்கு இணைய இணைப்பு இல்லை. புதிய பதிப்பைப் பென் டிரைவில் நாங்களே கொண்டுபோய்ப் போடுகிறோம். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சில வேளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நகரத்தில் பழைய கணினி திருத்தி விற்கும் கடைகளிலும், ஒருமுறை நிறுவிய மென்பொருள் அந்தக் கணினி சாகும் வரை அப்படியே இருப்பதைத்தான் காண்கிறேன். நிரலாளருக்கு ஆறு வாரமாக இருக்கும் இடைவெளி பயனருக்கு இரண்டு ஆண்டாக இருக்கலாம். ‘அடுத்த பதிப்பில் சரிசெய்வோம்’ என்று முடிவெடுக்கும்போது, அந்த அடுத்த பதிப்பு யார் கைக்கு எப்போது போய்ச் சேரும் என்ற கணக்கையும் போட்டாக வேண்டும். எங்கள் விறாந்தையில் அந்தக் கணக்கை நாங்கள் போடவில்லை.

பரிசோதனை நிலை என்று பெயர்ப் பலகை தொங்கவிட்டால் போதாதா என்று கேட்கலாம். லினக்ஸ் கருவில் அப்படிப்பட்ட பலகை ஒன்று பல ஆண்டுகள் இருந்தது. கருவின் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவில் தொகுக்கும்போது பரிசோதனை வசதிகளைக் காட்டவா, மறைக்கவா என்று கேட்கும் ஒற்றைத் தெரிவு அது. நாளடைவில் அன்றாடத் தேவைக்கான பல வசதிகளும் அதன் பின்னாலேயே தங்கிவிட்டதால் எல்லோரும் அதைத் திறந்தே வைத்தார்கள். பலகைக்கு ஒரு பொருளும் இல்லாமல் போய், 2013 அளவில் அதையே கழற்றிவிட்டார்கள். எல்லாக் கதவிலும் ‘கவனம்’ என்று எழுதினால் யார்தான் கவனிப்பார்கள்?

பலகை பொருளோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை என்பதற்கு கேடிஈ 4.0 நின்று பேசவேண்டிய உதாரணம். 2008 ஜனவரி 11ஆம் திகதி வெளியான, லினக்ஸ் கணினியின் திரையில் பயனர் காணும் அந்தப் பணிமேடை, அடித்தளத்தையே புதிதாக எழுதிய ஒன்று. இது தொடக்கம்தான், பழைய 3.5இல் இருந்த எல்லாம் இதில் இன்னும் வந்து சேரவில்லை என்று திட்டத்தார் சொல்லத்தான் செய்தார்கள். பணிப்பட்டையின் அளவை மாற்றக்கூட அதில் வழி இருக்கவில்லை. ஆனால் ‘4.0’ என்ற எண்ணை வாசிப்பவர் அதை முடிந்த பொருளாகவே வாசிப்பார். விளக்கத்தைத் தேடி வாசிப்பவர் சிலர், எண்ணைப் பார்ப்பவர் எல்லோரும். லினக்ஸையும் பணிமேடையையும் பிறவற்றையும் சேர்த்துக் கட்டிப் பயனருக்குக் கொடுக்கும், இடையில் நின்ற விநியோகங்கள் ஆளுக்கொரு விதமாக நடந்தன. ஓப்பன்சூசே 11.0 பழையதையும் புதியதையும் சேர்த்தே வழங்கியது. பெடோரா 9 பழைய பணிமேடையை விலக்கிவிட்டுப் புதியதை மட்டும் தந்தது. பயனர்களின் கோபம் கொஞ்சமாக இருக்கவில்லை. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அதைக் கைவிட்டு க்னோம் என்ற வேறொரு பணிமேடைக்கு மாறினார். ஓராண்டு கழித்து 4.2 வந்தபோது நிலைமை வெகுவாகச் சீரானது என்றாலும், மாறிப் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை.

இக்கதையைப் புதியது அரைகுறையாக வந்ததால் நேர்ந்த பிழையாகவே பலரும் சொல்வார்கள். எனக்கு அது பழையதை முன்கூட்டியே எடுத்ததால் நேர்ந்த பிழையாகவே படுகிறது. பழைய பணிமேடை பக்கத்தில் இருந்தவரை, அரைகுறையான புதியது ஒரு வேடிக்கைப் பொருள். பிடிக்காவிட்டால் வெளியேறி மற்றதில் நுழையலாம். பழையதை எடுத்த அன்றைக்குத்தான் அதே குறைகள் துன்பமாயின. மென்பொருளோடு ஒப்பிடக்கூடாத ஒரு துயரத்தை இங்கே தொடத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் இந்த நியாயத்தைக் கதைக்கும்போது எவர் மனமும் அங்கேதான் போகும்: கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை எடுத்து, புதிய பாலம் கட்டி முடியாதிருந்த காலத்தில், நீரைக் கடக்க விட்டிருந்த, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கவிழ்ந்து, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகளையும் கொண்டுபோனது. பழையதற்கும் புதியதற்கும் இடைப்பட்ட காலத்தை யார் கடக்கிறார்கள் என்ற கேள்வி இங்கே புத்தகக் கேள்வியாக ஒலிப்பதில்லை.

பெயர்ப் பலகைக்குப் பதிலாகப் பூட்டுப் போட்டவர்களும் உண்டு. ரஸ்ட் மொழியின் நிலைத்த பதிப்பு, முடியாத வசதிகளைத் தனக்குள் வைத்திருந்தாலும், அவற்றைப் பயன்படுத்தும் நிரலைத் தொகுக்க மறுத்துவிடும். அவை வேண்டுமென்றால் இரவுதோறும் வெளியாகும் பதிப்புக்குத் தெரிந்தே போகவேண்டும். லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் பரிசோதனை வசதிகள் அமைப்புகளுக்குள் ஒரு கட்டத்தில் சரியடையாளம் இட்டால்தான் தலைகாட்டும். ரிப்பன் போன்ற அதன் புதிய கருவிப்பலகை 2017இல் 5.3 பதிப்பில் அந்தக் கட்டத்தின் பின்னால் நுழைந்து, 2019இல் 6.2 பதிப்பில்தான் வெளியே வந்தது. இரண்டு ஆண்டு பின்கட்டில் இருந்த வசதிக்கு யாரும் கோபப்படவில்லை.

பூட்டுப் போட முடியாத இடத்தில் மிஞ்சுவது, வெளியீட்டுக்கு முன்னர் எடுத்துவிடுவது. சேர்ப்பதைவிட எடுப்பதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டும், ஏனென்றால் மறுபக்கத்தில் மாதக்கணக்கில் உழைத்த ஒரு மனிதர் இருக்கிறார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தார் இதில் தேர்ந்தவர்கள். 2018இல் ‘மெர்ஜ்’ என்ற கட்டளையைப் பதினோராம் பதிப்பில் சேர்த்து, சில நாட்களிலேயே எடுத்தார்கள். அது 2022இல் பதினைந்தாம் பதிப்பில் வந்து சேர்ந்தது. அந்தப் பதினைந்தாம் பதிப்பு ஒக்டோபர் 13இல் வெளியாக இருக்கையில், முன்னோட்டப் பதிப்புகளில் எல்லோரும் பார்த்துவிட்ட ஜேசன் தரவுக்கான எஸ்கியூஎல் வசதித் தொகுதியைச் செப்டெம்பர் தொடக்கத்தில் முழுதாக எடுத்துவிட்டார்கள். அதன் ஒரு பகுதி 2023இலும், முக்கியமான இன்னொரு பகுதி 2024இலும் திருந்திய வடிவில் திரும்பின. தரவுத்தளத்தில் ஒரு கட்டளை ஒருமுறை வெளியே போய்விட்டால், அதை நம்பி எழுதிய நிரல்கள் பத்தாண்டு கிடக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

பைதன் என்ற நிரல் மொழியின் 3.13 பதிப்பில் இரண்டு விதமான முடிவும் ஒரே வெளியீட்டில் நடந்ததைப் பார்க்கலாம். பயன் முடிந்த தரவான நினைவகக் குப்பையைச் சிறிது சிறிதாக அகற்றும் புதிய முறை சில நிரல்களை மந்தமாக்கியது கடைசி நேரத்தில் தெரியவந்ததும், 2024 ஒக்டோபர் 1ஆம் திகதிக்குக் குறித்திருந்த வெளியீட்டை 7ஆம் திகதிக்குத் தள்ளி, அதை எடுத்துவிட்டார்கள். அதே வெளியீட்டில், ஒரு நிரலுக்குள் இழைகளாகப் பிரிந்த பல வேலைகள் ஒரே நேரத்தில் தடையின்றி ஓடுவதற்கான மாற்றம் அதைவிட எவ்வளவோ முடியாத நிலையில் இருந்தும் வெளியே போனது. காரணம் எளிது: இழை மாற்றம் தனியாகத் தொகுத்த பதிப்பாக இருந்தது, விரும்பியவர் மட்டும் எடுத்துக்கொள்ளலாம், குப்பை அகற்றும் முறையோ எல்லோருடைய வழியிலும் குறுக்கே நின்றது. எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்த்திருந்தால் முடிவு தலைகீழாக வந்திருக்கும்.

இவற்றையெல்லாம் விடச் சிக்கலானது, முடிந்ததுபோலத் தோற்றமளிக்கும் முடியாத வசதி. பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில், ஒரு வட்டு பழுதானாலும் தரவைக் காக்கும் ரெயிட் 5, ரெயிட் 6 ஏற்பாடுகள் 2013 முதல் இருக்கின்றன. எழுதும்போது எழுதும், வாசிக்கும்போது வாசிக்கும். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போய், அதற்குப் பின் ஒரு வட்டும் போனால்தான் ஓட்டை தெரியும். அதனாலேயே அவ்வேற்பாடுகளை முக்கியமான தரவுக்குப் பயன்படுத்தவேண்டாம் என்று அதன் ஆவணமே நெடுங்காலமாக எச்சரிக்கிறது. காப்பதற்கென்றே இருக்கும் வசதியின் குறை, காக்கவேண்டிய அன்றைக்கு மட்டுமே வெளிப்படுமானால், அதைச் சோதித்துச் சொல்லப் பயனர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லை. எங்கள் பிடிஎஃப் சீட்டின் கோணல், பார்த்தவர் கண்ணில் உடனே குத்தும் கோணல். எங்கள் மாத மூடல் கண்ணுக்கு முழுமையாக இருந்தது.

முடியாததை வெளியே விட்டதே சரி என்று நான் தயங்காமல் சொல்லக்கூடிய ஒன்றும் இந்த நாட்டிலேயே நடந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எங்கள் கரையையும் அடித்துப்போன பின்னர், இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் சில வாரங்களுக்குள் எழுதி ஓடவிட்ட ‘சஹானா’ என்ற திறமூல மென்பொருள் அது; சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, எந்த அமைப்பு எங்கே என்ன செய்கிறது என்ற பதிவு, எங்கே என்ன தேவை என்ற பதிவு ஆகியவற்றைப் பகுதி பகுதியாகச் சேர்த்தார்கள். அது முடிந்த மென்பொருளாக இருந்திருக்க முடியாது. ஆனால் அதன் மறுபக்கத்தில் முடிந்த மென்பொருள் ஒன்று காத்திருக்கவில்லை. முகாம் வாசலில் ஒட்டிய கையெழுத்துப் பட்டியல்கள்தான் இருந்தன. அவசரத்தில் எழுதியதை அப்படியே சுமந்துகொண்டிராமல், அவசரம் தணிந்த பிறகு புதிதாக எழுதவும் செய்தார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. ஒரு வசதி எவ்வளவு குறைபாடுடையது என்பதை, அது இல்லாவிட்டால் பயனர் கையில் என்ன மிஞ்சும் என்பதோடு வைத்துத்தான் நிறுக்க முடியும்.

சங்கத்துக் கதைக்கு வருகிறேன். அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. சங்கத்தில் கணக்கு எழுதும் அண்ணரை ‘நானா’ என்றே அழைப்போம். அவர், மின்சாரம் போகுமுன் வேலையை முடித்துவிடும் அவசரத்தில், 30ஆம் திகதி மாலையிலேயே மார்ச் மாதத்தை மூடிவிட்டார். மறுநாள் இரண்டு படகுகள் சூரையோடு வந்தன. பதிய இடமில்லை. தொலைபேசியில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “மூடுறதுக்கு ஒரு பட்டன் வெச்சிருக்கீங்க தம்பி, தொறக்கிறதுக்கு ஒண்டு வெக்கல்லையா?” திறக்கும் பகுதியை எழுதி முடிக்க எங்களுக்கு ஒரு நாள்தான் பிடித்தது. அதைப் பென் டிரைவில் கொண்டுபோக மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் கிடைக்கப் பன்னிரண்டு நாள் பிடித்தது. அதுவரை அவர் பழைய கொப்பியில் எழுதினார். அதை நிறுத்தும்படி நாங்கள் முன்னரே சொல்லியிருந்தோம், நல்லவேளையாக அவர் கேட்கவில்லை. நான் போனபோது, எடுத்துவிட்ட பிடிஎஃப் வசதியைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “கொம்பு பின்னால நிண்டா என்ன, ஆள் ஆரெண்டு தெரியும்தானே. எனக்கு வேண்டியது தொகை” என்றார். படகுக்காரர்களின் கைத்தொலைபேசிக்கு அனுப்ப ஏதாவது கிடைத்தால் போதும் என்றுதான் அவர் மாதக்கணக்கில் காத்திருந்தாராம்.

இப்போது அடுத்த பதிப்புக்கு இரண்டு வேலைகள் பாதியில் நிற்கின்றன. மீன் ஏற்ற வரும் லொறிக்காரர்களுக்கான சிங்களப் பற்றுச்சீட்டில் பல சொற்கள் இன்னும் தமிழிலேயே இருக்கின்றன. அதை அப்படியே விடுகிறோம், பிழையைக் கண்டவுடன் அவர்களே சிரித்துவிட்டுத் திருத்திச் சொல்வார்கள். முற்பணத்தைத் தானாகக் கழிக்கும் வசதி ஏறக்குறைய முடிந்துவிட்டது, சோதனைகள் எல்லாவற்றிலும் சரியாகவே கழிக்கிறது. அதை அணைத்தே வைத்திருக்கிறோம். நானா மூன்று மாதக் கணக்கைக் கொப்பியோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார்; நோன்பு முடியட்டும் என்றார்.